ஐந்தாவது பெயர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோது, "அந்தக் கிராம சபைக் கதையச் சொல்லுங்க்கா, அது போதும்" என்றார்கள். நம் சங்கத்துக்கு வந்த எல்லோரும் அதைக் கேட்டிருப்பீர்கள். ஊர் கூடிய இடத்தில் ஒன்பது பெண்களின் பெயரை நான் எழுந்து வாசித்தேன், ஆஸ்பத்திரி அதிகாரி வாயடைத்துப் போனார், இரண்டு மாதத்துக்குள் நடைமுறையே மாறியது. பத்து வருடத்துக்கு மேலாக அதை அப்படித்தான் சொல்லிவந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு நடந்ததை அதிலிருந்து எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். நேரில் நின்று பேசினால் பழகிப்போன கதைதான் வாயில் வரும் என்று பயந்து, இதை எழுதித் தருகிறேன்.

கடத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபத்திரண்டு வருடம் களப்பணி செய்தேன். என்னோடு வேலை பார்த்தவர் சரோஜா, என்னைவிட எட்டு வயது இளையவர். ஒருநாள் அவரிடம் பிரசவமாகி ஏழு மாதமான ஒரு பெண் வந்தார். உதிரப்போக்கு நிற்கவில்லை, இடுப்பு விட்டுப்போகிறது என்றார். தனியார் டாக்டர் ஒருவரிடம் காட்டியபோது கர்ப்பப்பையில் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனம் இருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த கையோடு, பிரசவ மேசையிலேயே வைத்திருக்கிறார்கள். அவரைக் கேட்கவில்லை, வைத்த பிறகும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் சில எழுத்துகள் மட்டும் இருந்தன. எடுத்துவிடச் சொல்லிப் போனவரை, "உங்க வூட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வைக்கும்போது யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. எடுக்க மட்டும் புருஷன் கையெழுத்து வேண்டியிருந்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அன்று இருந்தவர்கள் யாரும் இன்று அங்கே இல்லை.

நானும் சரோஜாவும் ஒவ்வொரு வீடாகப் போய் டிஸ்சார்ஜ் சீட்டுகளை வாங்கிப் பார்த்தோம். அரிசி டப்பாவிலிருந்தும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும், பீரோவில் புடவை மடிப்புகளிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு பஞ்சாயத்தில் மட்டும் ஒன்பது சீட்டுகளில் அதே எழுத்துகள். காப்பர் டி கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டு வைத்துக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவோ உதவியிருக்கிறது. உன் உடம்பில் இதை வைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் வழக்கு.

நான் பார்த்த ஐந்தாவது சீட்டு மல்லிகாவுடையது. அது அவருடைய பெயர் இல்லை, இங்கே எழுதுவதற்காக வைத்தது. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. பன்னிரண்டாவது வரை படித்தவர். இரண்டு பெண் குழந்தைகள், இரண்டுமே ஆபரேஷன் செய்து எடுத்தவை. கணவர் பெங்களூரில் டைல்ஸ் பதிக்கும் வேலை, மாதத்துக்கு ஒருமுறை நான்கைந்து நாள் வந்து போவார். நான் போனபோது மல்லிகா சாமந்தித் தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த வீட்டுக்குப் போய்ச் சீட்டை எடுத்துக்கொண்டு, மடியில் பூவோடு வரப்பில் வந்து உட்கார்ந்தார். சீட்டில் எழுதியிருப்பதை நான் விளக்கியதும் அதைத் திருப்பி வாங்கி மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இது எத்தன வருசம் தாங்குங்க்கா?"

"பத்து வருஷம் வரைக்கும் இருக்கும்மா."

"எடுக்காமயே வுட்டா ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"உனக்கு வலி, உதிரப்போக்கு எதுவும் இல்லேன்னா ஒண்ணும் ஆகாது."

அவர் சிரித்துவிட்டார். அதற்கு முன் நான் பார்த்த நான்கு பேரும் இதைக் கேட்டு அழுதார்கள், இல்லாவிட்டால் கோபப்பட்டார்கள்.

"அப்ப இருந்துட்டுப் போவட்டுங்க்கா. ரெண்டாவதும் பொண்ணாப் போச்சுன்னு எங்க அத்த இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. அடுத்தது பையன் வேணும்னு அவரு ஒத்தக் கால்ல நிக்கறாரு. ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குது, இன்னொரு தடவ வயித்தக் கிழிச்சாத் தாங்கமாட்டேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அத வூட்ல யாருங்க கேக்கறாங்க? அவரு ஊருக்கு வர்ற தேதி நெருங்குனாலே எனக்கு ராத்திரியில தூக்கமே வராது. ஒரு வருசமா வயித்துல ஒண்ணும் நிக்கலியே, எந்தச் சாமி பண்ண புண்ணியமோன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னையக் கேக்காமத்தான் வெச்சாங்க. அது தப்புத்தான். ஆனா நீங்க எங்கூட்டுக்கு வரவே இல்ல, இந்தச் சீட்டப் பாக்கவே இல்ல. சரிங்களா?"

சரி என்றேன். வீட்டுக்கு வந்து நோட்டில் ஐந்தாவதாக அவர் பெயரை எழுதினேன். எண்ணிக்கை தப்பக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லக்கூடாது என்பதற்கு அடையாளமாகப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தேன். சரோஜாவிடமும் சொன்னேன். கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த மனுவில் எட்டுப் பெயர்கள்தான் இருந்தன.

மனுவின் பேரில் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தது அந்த ஊர் கிராம சபையன்று. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் பெண்களில் மூன்று பேர் எழுந்து பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரவே இல்லை. இன்னொருவர் புருஷனோடு வந்து தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாமவர் எழுந்தார், சுற்றிலும் பார்த்தார், "எனக்கு ஒண்ணும் கொறையில்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மருத்துவ அதிகாரி சிரித்துக்கொண்டே பஞ்சாயத்துத் தலைவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா தலைவரே? இவங்க சங்கம் நடத்தறதுக்கு எங்க ஆஸ்பத்திரிதான் கெடைச்சுது. நைட்டும் பகலும் பிரசவம் பாக்கறது நாங்க, பழி போடறது இவங்க." பிறகு என்னைப் பார்த்து, "எங்கம்மா உங்க ஆளுங்க? பேரச் சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

ஆண்கள் வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டு வருட உழைப்பு அந்தச் சிரிப்பில் போகிறது என்று தோன்றியது. நோட்டைப் பிரித்தேன்.

பெயரை மனுவில் எழுதத்தான் மற்ற எட்டுப் பேரும் சம்மதித்திருந்தார்கள். தாமே பேச ஒப்புக்கொண்டவர்கள் உட்பட, நான் ஊர் முன்னால் வாசிக்க ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான்கு பெயர்களை வாசித்தேன். அதில் இருவர் கூட்டத்தில் இல்லை, இருவர் நிமிரவில்லை. அடுத்து ஐந்தாவது. சரோஜா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

நெடுநாள் வரை, அவசரத்தில் அந்தப் புள்ளியை நான் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். பார்த்தேன். மல்லிகா பெண்கள் வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். இவள் படித்தவள், எழுந்தால் பேசுவாள் என்றுதான் அந்த நொடியில் என் மனம் கணக்குப் போட்டது. வாசித்தேன்.

"அந்தம்மா இங்க இருக்காங்களா?" என்றார் அதிகாரி.

எல்லாத் தலைகளும் திரும்பின. "என்னாடி இது? என்னாடி சொல்றாங்க?" என்று மாமியார் அவர் தோளைப் பிடித்து உலுக்கியது மைக் வரைக்கும் கேட்டது.

மல்லிகா என்னை ஒருமுறை பார்த்தார். எழுந்து நின்றார். "ஆமாங்க. லூப்பு வெச்சுருக்காங்க. என்னையக் கேக்கல, எங்கிட்டச் சொல்லவும் இல்ல" என்றார். குரல் நடுங்கவில்லை.

அதன் பிறகு கூட்டம் மாறிவிட்டது. குறையில்லை என்று உட்கார்ந்தவர் மறுபடி எழுந்தார். பட்டியலில் இல்லாத இரண்டு பேர்கூட எழுந்து பேசினார்கள். அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. மீதி நான்கு பெயர்களையும் வாசித்து முடித்தபோது பெண்கள் கைதட்டினார்கள். மல்லிகாவுக்கு என்ன துணிச்சல் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெருமைப்பட்டேன். சரோஜா எனக்கு நாலடி முன்னால் தனியாக நடந்தார். அது துணிச்சல் இல்லை என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. தெரிந்தே வைத்துக்கொண்டாள் என்று வீட்டில் சொல்லிவிடாமல் இருக்க அவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதையும் ஊர் முன்னால், அப்போதே, சொல்லியாக வேண்டியிருந்தது.

நாங்கள் கேட்டது எல்லாம் கிடைத்தது. கர்ப்பமாக இருக்கும்போதே விளக்கிச் சொல்லிக் கேட்க வேண்டும், சம்மதித்தால் அவரே கையெழுத்துப் போட வேண்டும், எடுக்கச் சொன்னால் கணவரைக் கேட்காமல் அன்றே எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏற்கெனவே வைத்தவர்களில் வேண்டாதவர்களுக்கு எடுத்துவிட ஒரு முகாம் போட்டார்கள். வாசலில் நோட்டோடு நின்று வருகிறவர்களின் பெயரை நான் குறித்துக்கொண்டிருந்தேன். அதிகாரிகள் வந்திருந்தார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மல்லிகா கணவரோடும் மாமியாரோடும் வந்தார். கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க" என்றார்.

நர்சம்மா புது உத்தரவுப்படி கேட்டார். "இத எடுக்க உனக்குச் சம்மதமாம்மா? உன் விருப்பந்தான்."

மல்லிகாவின் இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் மாமியார். "ஆமாங்க" என்றார்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சிஸ்டர், இவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை. ஆனால் எங்கள் வெற்றியைக் காட்டும் நாள் அது. எடுக்க வந்த இடத்தில் ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால், இவர்கள் வழக்கே பொய் என்று அதிகாரிகள் பேசுவார்களே என்று பயந்தேன். பெயருக்கு நேரே டிக் போட்டேன்.

கிராம சபையில் செய்ததைக்கூட ஆத்திரத்தில் செய்தேன் என்று யாராவது மன்னிக்கலாம். முகாமில் எனக்கு ஆத்திரம் இல்லை, அவசரமும் இல்லை. யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பிறகு சில மாதங்கள் நான் அந்த ஊருக்குப் போகவில்லை. மல்லிகாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சரோஜா சொன்னபோதும் போகவில்லை. நீ பார்த்துக்கொள் என்று அவரிடமே விட்டுவிட்டேன். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் மத்தியானம் சரோஜா போன் செய்தார். ரகசியமாக ஸ்கேன் பார்க்கும் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். பெண் குழந்தை என்று சொல்லியிருக்கிறார்கள். கலைக்க வேறு ஒரு வீடு. அங்கே உதிரம் நிற்காமல் போனதும், யாரோ ஒரு காரில் ஏற்றி தர்மபுரி பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுத்து, உயிரைக் காப்பாற்றினார்கள்.

மூன்றாம் நாள் நான் போனேன். மாமியார் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே மல்லிகா முகம் வெளுத்துக் கிடந்தார். கையில் இருந்த சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. தைரியமாக இரு, நாங்கள் இருக்கிறோம் என்று எப்போதும் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "அவங்க என்னையக் கேக்காம வெச்சாங்க. நீங்க என்னையக் கேக்காம எடுத்தீங்க. அவ்ளோதாங்க்கா."

சத்தம் போடவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வீடுகள் மேல் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கொடுக்க வேண்டும் என்றுதான் நான் குதித்தேன். சரோஜா தடுத்தார். "இந்தத் தடவையாச்சும் அந்தப் புள்ளயக் கேப்போங்க்கா" என்றார். அவரே போய்க் கேட்டார். ரெண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு போலீஸ், கோர்ட் என்று அலைய முடியாது, வேண்டாம் என்றார் மல்லிகா. நாங்கள் கொடுக்கவில்லை. அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் அந்த வீடுகளுக்குப் பெண்கள் போயிருப்பார்கள். ஆனால் அவரைக் கேட்டது சரி என்று தெரியும்.

அந்த வருடம் மாவட்ட அளவில் ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கிராம சபையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், பேசினேன். பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் பேசினேன். "ஐந்தாவது பெயருக்கு ஒரு பெண் எழுந்தாள் பாருங்கள்" என்று சொல்லும் இடத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சரோஜா மட்டும் அந்த இடம் வந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அந்த ஊர்ப் பொறுப்பையும் அவரிடமே தள்ளிவிட்டேன். பஸ் சரியாக இல்லை, மூட்டு வலி என்று ஏதோ சொன்னேன். அதன் பிறகு அத்தனை வருடமும் அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன்.

இந்த முறை நீங்கள் கூப்பிட்டபோது, வருவதற்கு முன் போய் அவரைப் பார்த்தேன். இப்போது அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து அவரே பூப் போடுகிறார். கணவர் அவரோடுதான் இருக்கிறார். மூத்த பெண் அரூரில் காலேஜ் போகிறாள். என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அத்தனை வருடம் கழித்து. தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன்.

"இப்ப எதுக்குங்க்கா அது" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நடந்ததைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். முன்பெல்லாம் இப்படி யாராவது சொன்னால் மறுநாளே போய் நிற்பேன். இந்த முறை காத்திருந்தேன். இரண்டு மாதமாயிற்று. உங்கள் வகுப்பைத் தள்ளிவைக்கச் சொன்னது அதனால்தான், உடம்பு சரியில்லாததால் அல்ல.

என்னிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றால் இவ்வளவுதான். பெண்ணைத் தனியாக வைத்துக் கேளுங்கள். ஒருமுறை சரி என்றதை எல்லாவற்றுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் அவள் பெயரை உங்கள் நோட்டிலும் எழுதாதீர்கள். எழுதி வைத்த பெயர் என்றைக்காவது வாய்க்கு வந்துவிடும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் நாளில்தான் இது அதிகம் நடக்கும். நம் பக்கம் நியாயம் இருக்கும்போது நாம் யாரையும் கேட்பதில்லை.

போன வாரம் மல்லிகா போன் செய்தார். "சொல்லுங்க. எம் பேரு வேணாம், ஊரு பேரு வேணாம். எழுதுனத எனக்கு ஒருக்காப் படிச்சுக் காட்டிருங்க" என்றார்.

போனிலேயே முழுவதையும் படித்துக் காட்டினேன். இடையில் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தவர், ஆஸ்பத்திரிப் பகுதி வந்ததும், "அங்க நிறுத்துங்க்கா" என்றார். "அந்த எடத்த இன்னொருக்காப் படிங்க."

படித்தேன்.

"நான் அழுததா எழுதியிருக்கீங்களே. நான் அழுவலீங்களே."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார். வார்டை விட்டு வெளியே வந்து, பஸ் ஏறும் வரை அழுதுகொண்டே போனது நான்தான்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.